தீம் பார்க்குக்கு ஒரு குடும்பத்தைக் கிளப்புவது

டிக்கெட் விற்கிறவளிடம் ஜனங்கள் டிக்கெட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நான் என்றைக்கோ அலுத்துப்போய் வேறு வேலை தேடியிருப்பேன். எங்கள் தொழிலில் டிக்கெட் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன்னால், மாமியாரை வெயிலில் நடக்கவைக்காமல் எப்படிக் கூட்டிப்போவது, பெரியவனுக்குப் பயம் சின்னவனுக்கு இல்லை என்றால் என்ன செய்வது, உள்ளே தயிர்சாதம் கிடைக்குமா, மழை வந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு குடும்பத்தின் அத்தனை சங்கடமும் என் மேஜைமேல் வந்து விழும். குடும்பத்தோடு உல்லாசமாக ஒரு நாள் இருக்கலாம் என்று கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டும்போதே சண்டை போட்டுக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லை என்று சொல்கிறவர்களுக்காக நான் இதை எழுதவில்லை.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் டிராவல்ஸ். கடை என் மாமாவுடையது, கவுண்டர் என்னுடையது. ஒரு பக்கம் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கடை, மறுபக்கம் ஒரு சின்ன ஹோட்டல். ஊரிலிருந்து வந்து அங்கே தங்குகிறவர்கள் குளித்து முடித்த கையோடு என்னிடம் வந்து, “மேடம், பிள்ளைங்களுக்கு என்ன காட்டலாம்?” என்பார்கள். காட்டுவதற்குச் செந்தோசா தீவில் தீம் பார்க் இருக்கிறது. கொண்டுபோய் இறக்க எங்கள் வேன் இருக்கிறது, அதை ஓட்டக் குணா இருக்கிறான். குணா இங்கேயே பிறந்து வளர்ந்தவன், வாயும் வண்டியும் ஒரே வேகத்தில் ஓடும்.

எந்த ரைடு?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கடைக்குக் கிட்டே இருக்கிற தேக்கா சந்தைப் பக்கம் வந்திருக்கிறீர்களா? ஊரிலிருந்து பிழைக்க வந்து வாரம் முழுக்க வேலை பார்த்த பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். நடைபாதையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. அப்படி ஒரு ஞாயிறு கூட்டத்திலிருந்து விலகி எங்கள் கடைக்குள் வந்தார் செல்வம். கப்பல் பட்டறையில் பைப் ஃபிட்டர், பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர். மனைவி கவிதாவும் மகள் யாழினியும் பள்ளி விடுமுறைக்கு இங்கே சுற்றிப்பார்க்க வருகிறார்கள் என்றார். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

யாழினிக்கு ஆறு வயது. அது தவழ்ந்துகொண்டிருந்தபோது இவர் சிங்கப்பூருக்கு வந்தவர். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பிள்ளை வாயை மூடாமல் பேசுமாம். பள்ளிக்கூடத்துச் சண்டை, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, எல்லாம் சொல்லுமாம். ஆனால் லீவில் ஊருக்குப் போய் நேரில் நின்றால் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மெல்லப் பழகி மடியில் வந்து உட்காரும் நேரத்தில் இவருக்கு லீவு முடிந்துவிடும். போன தடவை மடிக்கே வரவில்லை. இப்போது அவர்கள் ஒரு வாரம் இருக்கப்போகிறார்கள். வேலை நெருக்கடியில் கம்பெனி கொடுத்தது ஒரே ஒரு முழு நாள். அந்த ஒரு நாளுக்குத்தான் டிக்கெட்.

நான் வழக்கப்படி பார்க்கின் படத்தை மேஜையில் விரித்து, இது தண்ணீர் ரைடு, இது இருட்டில் போகிறது, இது தலைகீழாகத் தொங்கவிடுவது என்று பேனாவால் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் மூச்சுவிட நிறுத்தியதும் கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும்க்கா. எந்த ரைடுல ஏத்துனா பிள்ளை அப்பாகிட்ட ஒட்டிக்கும்?”

தூக்குச்சட்டி

இப்படிக் கேள்வி வந்தால் நான் சாப்பாட்டுப் பேச்சுக்குத் தாவிவிடுவேன். வீட்டிலிருந்து எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், பையைச் சோதிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று செல்வத்திடம் சொன்னேன். காலையில் தேக்காவில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவேண்டும். கையில் காலி தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும், உள்ளே பிடித்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டை எல்லாருக்கும் பசிப்பதற்கு முன்பே முடித்துவிடவேண்டும். மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடும் நேரத்தில் நாம் ரைடு வரிசையில் நிற்கலாம்.

இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒரு கூட்டுக்குடும்பம் வந்திருந்தது. எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தூக்குச்சட்டி தூக்குச்சட்டியாகப் புளியோதரை எடுத்துப்போனார்கள். ஹோட்டல் அடுப்படியில் யாரைப் பிடித்துக் கிளறினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் நிறுத்தியதும், சாப்பாட்டைக் குப்பையில் போட மனசில்லாமல், குடும்பமே வெளியே உட்கார்ந்து, காலை டிபன் சாப்பிட்ட வயிற்றில் அத்தனை புளியோதரையையும் தின்று தீர்த்தது. பிறகு உள்ளே போனவர்கள் முதலில் கண்ணில் பட்ட குளுகுளு அரங்கத்துக்குள் நுழைந்தார்கள். காட்சி ஆரம்பித்ததும் உறங்கிப்போனார்கள். அடுத்த காட்சிக்கும் அங்கேயே வரிசை கட்டித் திரும்ப வந்து உறங்கினார்கள். சாயங்காலம் எங்கள் கடைவாசலில் வேனை விட்டு இறங்கும்போது அந்த வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு மனதாரச் சொன்னார்: “மேடம், அந்த ஏசி ஹாலு ஒண்ணு போதும். நாளைக்கும் அதுக்கே டிக்கெட் போட்டுருங்க.”

கொண்டை

அடுத்த ஞாயிறும் செல்வம் வந்தார். பிள்ளையின் உயரம் என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு ரைடுக்கும் ஓர் உயரம் வைத்திருக்கிறார்கள். வாசலில் அளவுகோலோடு ஆள் நிற்கும். அதற்குக் கீழே இருந்தால் அழுதாலும் புரண்டாலும் விடமாட்டார்கள். விடவும் கூடாது. இந்த ஊரிலேயே ஆங் மோ கியோவிலிருந்து வந்த ஒரு தாய் தன் மகளுக்கு உச்சந்தலையில் பெரிய கொண்டை போட்டு, அடிப்பாகம் தடித்த சப்பாத்து மாட்டி அழைத்துப்போனார். அங்கே நின்ற பையன் எத்தனை கொண்டைகளைப் பார்த்திருப்பானோ, சிரித்துக்கொண்டே அளவுகோலால் கொண்டையை அமுக்கினானாம். அது பஞ்சுமிட்டாய் மாதிரி உள்ளே போய்விட்டதாம். ஆகவே பிள்ளைகளை வீட்டிலேயே வெறுங்காலோடு நிற்கவைத்து அளந்துவிடுங்கள். ஏமாற்றம் வரத்தான் வேண்டும் என்றால் அது வீட்டில் வரட்டும், வரிசையில் நின்று கால் கடுத்த பிறகு வரவேண்டாம்.

செல்வம் தன் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்து, “இவ்வளவு இருக்கும்க்கா” என்றார். பிறகு கையைக் கொஞ்சம் ஏற்றினார். மறுபடி இறக்கினார். குழாயை மயிரிழை பிசகாமல் அளந்து வெட்டுகிற மனுஷனுக்குத் தன் பிள்ளையின் உயரம் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. அந்தக் கை அந்தரத்தில் நின்றதைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானே ஃபோன் போடச் சொன்னேன்.

திரையில் கவிதா வந்தாள். சுறுசுறுப்பான பெண், இரண்டு வார்த்தையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு டேப்போடு வந்துவிட்டாள். யாழினியைக் கதவோரம் நிற்கவைத்து அளந்தாள். பெரிய ரோலர் கோஸ்டருக்கு உயரம் போதாது, சின்னவர்களுக்கான ரைடுகளுக்குப் போதும். இந்தப் பக்கம் செல்வத்தின் முகம் வாடியதைக் குழந்தை கவனித்துவிட்டது. திரைக்குள் அதன் மூக்கு மட்டும் தெரிகிற அளவுக்குக் கிட்டே வந்து சொல்லிற்று: “அப்பா, நான் குதிச்சா இன்னும் ஒசரம்!”

ஆரஞ்சு

அன்றைக்கே செல்வத்தின் ஃபோனை வாங்கி ஓரமாகப் போய்க் கவிதாவிடம் தனியாக என் திட்டத்தைச் சொன்னேன். இருட்டில் போகிற ஒரு ரைடு இருக்கிறது. குழந்தை பயந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் அப்பா இருக்கவேண்டும் என்றால் அம்மா இருக்கக்கூடாது. “தலை சுத்துதுன்னு சொல்லிட்டு நீ வெளிய உக்காந்துக்கம்மா” என்றேன். “பாக்கலாம்க்கா” என்றாள். குடும்பப் பெண்கள் ‘பாக்கலாம்’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஏனோ கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்ற குணா தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னான். கூட்டத்தில் தொலையாமல் இருக்கக் குடும்பமே ஒரே நிறத்தில் உடுத்துவது நல்ல பழக்கம்தான், ஆனால் ஆரஞ்சு வேண்டாம் என்றான். காரணம் உண்டு. ஒரு சமயம் தேக்கா மாடியில் ஒரு கடையில் ஆரஞ்சு டீ-ஷர்ட்டை மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேனில் வந்த இரண்டு குடும்பங்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதையே வாங்கி மாட்டிக்கொண்டு வந்தன. வேனிலிருந்து இறங்கியதும் எல்லாம் கலந்துவிட்டது. ஒரு குடும்பத்துச் சித்தப்பாவை மதியம் முழுக்கக் காணோம் என்று தேடினால், அவர் இன்னொரு குடும்பத்தோடு உட்கார்ந்து நிதானமாகப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் மாறியது தெரியவில்லையா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் குணா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்: “சந்தேகம் வந்துச்சு மேடம். உக்காருங்க, சாப்பிடுங்கன்னு மரியாதையா சொன்னாங்க. நம்ம வீட்டுல இப்படிச் சொல்ல மாட்டாங்களேன்னு நினைச்சேன்.”

முன் சீட்டு

சாதாரணமாக நான் கவுண்டரை விட்டு நகர்வதில்லை. செல்வத்தின் குடும்பம் பார்க்குக்குப் போகிற அன்றைக்கு மாமாவிடம், பார்க்கில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று பார்த்துவரவேண்டும் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். உண்மையில் எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்கவேண்டும். முதல் நாள் இரவு உறக்கம் வராமல் அவர்களுக்காக அல்லாவிடம் துஆகூடக் கேட்டேன். டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் இப்படிச் செய்வதில்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

ஹோட்டல் வாசலில் செல்வம் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, புதிதாக வெட்டிய முடி, கொஞ்சம் அதிகமாகவே அத்தர். முதல் நாள் சாயங்காலம் விமான நிலையத்துக்குப் போய் மனைவியையும் மகளையும் அவர்தான் அழைத்துவந்தார். அங்கேயே யாழினி அம்மாவின் துப்பட்டாவுக்குள் புகுந்துவிட்டதாம். ஃபோனில் இருந்த அப்பாவுக்கு உள்ளங்கை அளவுதான் முகம், தோள்வரைக்கும்தான் உடம்பு. இங்கே நிற்பவரோ வேன் கதவு உயரம். நான் அவரிடம் முன்பே, “துரத்தாதீங்க தம்பி, பிள்ளையா வரட்டும்” என்று சொல்லியிருந்தேன். அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குழந்தைக்குக் கூச்சமாக இருக்கும் என்று பின் சீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு, குணாவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

வேன் சிராங்கூன் சாலையைத் தாண்டியது. யாழினி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தது, முன் சீட்டை மட்டும் பார்க்கவில்லை. பிறகு அம்மாவின் கையிலிருந்த ஃபோனைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது. குணா ரேடியோவைக் கூட்டுவதற்குள் அந்தக் கேள்வி முன்னாலிருந்தவர் காதில் விழுந்துவிட்டது: “அம்மா, இன்னிக்கு அப்பா எப்பம்மா கால் பண்ணும்?”

கீ கீ

பார்க்குக்குள் போனதும் எல்லாரும் வாசலிலேயே படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் நிற்காதீர்கள். நேராகக் கடைசிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள், காலையில் வரிசை இருக்காது. நான் இதைச் செல்வத்துக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் கேட்கவில்லை. “அக்கா, நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ட்டு வரட்டா?” என்றார். பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்தேன். பாப்கார்ன் விற்கிற வண்டிக்குப் பின்னால் போய் நின்று மகளுக்கு வீடியோ கால் போட்டார்!

யாழினி துள்ளிக் குதித்தது. “அப்பா! நான் எங்க இருக்கேன் சொல்லு?” என்றது. அவரும் தெரியாத மாதிரி, “எங்கம்மா?” என்றார். பிறகு அந்தக் குழந்தை அவருக்குப் பார்க் முழுவதையும் சுற்றிக் காட்டியது. அந்தா கோட்டை, அந்தா பொம்மை, அந்தா ஐஸ்கிரீம். அவர் பத்தடி தள்ளி, மரத்துக்குப் பின்னாலும் கம்பத்துக்குப் பின்னாலும் மாறி மாறி நின்றுகொண்டு, முதல் தடவை பார்ப்பவர்போல “அப்படியா! அப்படியா!” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் குணாவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நடப்பதைச் சொன்னதும், “என்னக்கா, டிக்கெட் வாங்கி உள்ள போய் ஃபோன்லயே குடும்பம் நடத்துறாங்களா? ஐயோ, பாவம் லா!” என்றான். நான் சிரித்துக்கொண்டே மணியைப் பார்த்தேன். பகல் ஓடிக்கொண்டிருக்கிறதே, இந்த ஒரு நாள்தானே இருக்கிறது!

மதியம் இடி இடித்தது. இடி வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு ஒரு மெல்லிய மழைக்கோட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு நானும் எடுத்துப்போகவில்லை. கூட்டம் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே வந்து நெருக்கியதில் செல்வம் தள்ளப்பட்டு மகளுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். இதோ நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கையிலும் அழைப்பைத் துண்டிக்காத ஃபோன், பிள்ளை கையிலும் ஃபோன், இரண்டும் கிட்டே வந்ததும் காது கிழிகிற மாதிரி வீறிட்டன. அடுத்த நிமிடம் செல்வம் கூரையை விட்டு மழைக்குள் இறங்கி நின்றார். அதற்குக் காரணம், யாழினி ஃபோனில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொன்னது: “அப்பா, தள்ளிப் போப்பா. கீ கீன்னு சத்தம் வருது.”

கவிதாவுக்கும் சேர்த்து

மழை விட்டதும் இருட்டு ரைடுக்கு அழைத்துப்போனேன். என் கடைசி நம்பிக்கை அது. வாசலில் கவிதாவுக்குக் கண்ணைக் காட்டினேன். தலைசுற்றல் வரவேண்டிய நேரம். அவள் என்னைப் பார்க்காத மாதிரி முதல் ஆளாக உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் கணவர். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வெளியே வரும்போது யாழினி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது, செல்வம் தனியாகப் பின்னால் வந்தார். நான் கவிதாவை ஓரமாக இழுத்து, “என்னம்மா இது, பேசி வச்சோமே?” என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். இப்படி ஓர் இடத்தைப் பார்ப்பேன் என்று அவள் நினைத்ததே இல்லையாம். வருவது உறுதியானதிலிருந்து ஃபோனில் ஒவ்வொரு ரைடாகப் பார்த்துவைத்திருக்கிறாள். எங்கே குடும்பத்தோடு போனாலும் பையைக் காப்பது, பிள்ளையைப் பிடிப்பது, வெளியே உட்கார்வது எல்லாம் தன் தலையில்தான் விழுகிறது என்றாள். திட்டம் போடுகிறவர்களே, உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வீட்டுக்கு ஒருவரைப் பை தூக்க என்று மனதுக்குள் ஒதுக்கிவிடாதீர்கள், அவருக்கும் ஆசை இருக்கும். எதிரே மழையில் நனைந்து பளபளத்துக்கொண்டிருந்த பெரிய ரோலர் கோஸ்டரைக் காட்டிக் கவிதா சொன்னாள்: “எனக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் எடுத்திருக்கு? நான் அதுல ஏறாம ஊருக்குப் போகமாட்டேன்க்கா.”

இரும்புக் குழாய்

மழை பெய்து ஓய்ந்த நேரம் பார்க்கில் பொன்னான நேரம். பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள், வரிசை குட்டையாக இருக்கும். கவிதா ஓடினாள். பெரிய ரைடில் கையில் எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது. பை, ஃபோன் எல்லாம் லாக்கருக்குள் போகவேண்டும். “அப்பாகூட நில்லு, அம்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, மகளின் கையிலிருந்த ஃபோனை வாங்கிப் பையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். கீழே கம்பிவேலி ஓரம் யாழினி நின்றது. கொஞ்சம் தள்ளிச் செல்வம். எனக்குக் கால் வலிக்கிறது என்று பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்ப்பதுபோல இருந்தேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

வண்டி டக டக என்று மேலே ஏற ஆரம்பித்தது. “அம்மா எங்க?” என்றது யாழினி, யாரையும் பார்க்காமல். “அந்தா, மூணாவது வரிசை, பச்சை சுடிதார்” என்றார் செல்வம், அவரும் மேலே பார்த்தபடி. வண்டி உச்சிக்குப் போய்விட்டது.

“விழுந்துடுமா?”

“விழாது.”

“உனக்கு எப்புடித் தெரியும்?”

“அப்பா இந்த மாதிரி இரும்புக் குழாயைத்தாம்மா தெனமும் மாட்டுறேன். அந்தா ஒண்ணோட ஒண்ணு சேருற இடம் தெரியுதா? அங்கல்லாம் போல்ட்டு இருக்கும். ஒருத்தர் முறுக்குவாரு, இன்னொருத்தர் முறுக்கியிருக்கான்னு பாப்பாரு. அப்புறம்தான் ஆளை ஏத்துவாங்க.”

“ஒண்ணை மறந்துட்டா?”

“மறக்கவே மாட்டோம்.”

அப்போது வண்டி தலைகுப்புற விழுந்தது. அத்தனை பேரும் அலறினார்கள். அதில் கவிதாவின் குரல் தனியாகக் கேட்டது. யாழினி திடுக்கிட்டு அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது. செல்வம் குனிந்து பார்க்கவில்லை. அசையவும் இல்லை. மூச்சு விட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. வண்டி வளைந்து தூரமாகப் போனதும் குழந்தை கையை விட்டுவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். விடவில்லை. அதைத் திருப்பிப் பார்த்தது. ஃபோனில் வரும் அப்பாவுக்குக் கை கிடையாதே, அந்தக் கையை அது அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்க்கிறது.

“இது என்னப்பா புள்ளி புள்ளியா?”

“வெல்டிங் பொறி பட்டதும்மா.”

“வலிச்சுதா?”

“அப்ப வலிச்சுச்சு.”

“இது?”

“அது குழாய் நசுக்குனது.”

“அழுதியா?”

“கொஞ்சமா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

செல்வம் அப்போதுதான் குந்தி உட்கார்ந்தார். இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது. அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், வெளிப்படையாகவே சொல்கிறேன். பிறகு கேட்கும்போது பேச்சு கப்பலுக்குப் போயிருந்தது. கப்பலில் குழாய் எதற்கு, கப்பலுக்குள் மீன் வருமா, இராத்திரி கப்பல் எங்கே தூங்கும் என்று கேள்விமேல் கேள்வி. மற்றக் கையிலும் தழும்பு இருக்கிறதா என்று அதையும் இழுத்துப் பார்த்தது.

கவிதா வந்தாள். தலைமுடி நாலு பக்கமும் பறந்துகொண்டிருந்தது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். லாக்கரிலிருந்து எடுத்த ஃபோனை நீட்டி, “யாழு, அம்மா கத்துனது கேட்டுச்சா? இந்தா, ரைடோட சேத்து அம்மாவ ஒரு படம் எடு” என்று கூப்பிட்டாள். குழந்தை திரும்பவே இல்லை. அப்பாவின் விரலைப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிற்று: “இரும்மா, அப்பாகிட்டப் பேசிட்டிருக்கேன்ல!”

கவிதா ஒரு விநாடி நின்று பார்த்துவிட்டு, ஃபோனைத் திரும்ப லாக்கரில் வைத்துப் பூட்டி, மறுபடி அதே ரைடின் வரிசையில் போய் நின்றுகொண்டாள். நான் வாரக்கணக்கில் மூளையைக் கசக்கிப் போட்ட திட்டத்தில் அன்றைக்குச் சரியாக நடந்தது வேன் நேரத்துக்கு வந்தது ஒன்றுதான், அதையும் குணாதான் செய்தான்.